குழியுளி முதல் வாச்சி வரை: வளைந்த மரவேலைக் கருவிகளைத் தீட்டும் முழுமையான வழிகாட்டி

பட்டை உளியை நன்றாகத் தீட்டுகிறவர்கள்கூடக் குழியுளியைக் கையில் எடுத்தால் தயங்குவார்கள். பட்டை உளியின் சரிவு, அதாவது கூரை நோக்கிச் சாய்ந்து இறங்கும் முகம், சமதளம். கல்லில் படிய வைத்துத் தேய்த்தால் கோணத்தைக் கல்லே காத்துக்கொள்ளும். குழியுளியின் சரிவு வளைந்தது. எந்த நொடியிலும் அதில் ஒரு மெல்லிய பகுதி மட்டும்தான் கல்லைத் தொடுகிறது. மீதியை மணிக்கட்டுதான் பார்த்துக்கொள்ள வேண்டும். போதாததற்கு, உட்பக்கம் சாதாரணக் கல்லில் படியவே படியாது. இந்த இரண்டு சிக்கலுக்கும் வழி தெரிந்துவிட்டால், வளைந்த கருவி எதுவானாலும் தீட்டிவிடலாம்.

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊர்களில் இந்தக் கருவிகளுக்கு வேலை குறைவில்லை. உறுமிக்குப் பலாக்கட்டை குடையவும், பல்லாங்குழிப் பலகையில் குழி எடுக்கவும், காவடிச் சட்டத்தில் பூவேலை செய்யவும், கோயில் வாகனத்தில் உடைந்துபோன இதழைச் செதுக்கி ஒட்டவும் வளைந்த உளிதான் வேண்டும். மறுநடவுக்காகச் சாய்க்கப்படும் 25, 30 வயது ரப்பர் மரமும் பக்கத்திலேயே கிடைக்கிறது. பால்மரம் சீவிய குடும்பங்களில் தீட்டும் பழக்கமும் உண்டு. பால் சீவும் கத்தியின் உயிர் அதன் இரண்டு சிறகுகளும் சேரும் மூலையில் இருக்கிறது. அந்த மூலை மழுங்கினால் பட்டை கிழியும், பால் சரியாக இறங்காது. கீழே சொல்லப்போகும் வீ வடிவ உளியிலும் சிக்கல் அதே மூலையில்தான். அந்தக் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு இதில் பாதி வேலை ஏற்கெனவே வசப்பட்டதுதான்.

முதலில் வெள்ளைக் கோட்டைப் பார்க்கக் கற்றுக்கொள்ளுங்கள்

கூர் என்பது உட்பரப்பும் வெளிச்சரிவும் சந்திக்கும் இடம். இரண்டும் முழுமையாகச் சந்தித்தால் அங்கே அகலம் என்று எதுவும் இருக்காது, ஒளி பட்டுத் திரும்பவும் இடம் இருக்காது. மழுங்கிய கூருக்கு அகலம் உண்டு. மேசை விளக்குக்குக் கீழே உளியின் முனையை உங்களை நோக்கிப் பிடித்து மெல்ல அசைத்துப் பாருங்கள். மழுங்கிய இடம் வெள்ளைக் கோடாக மின்னும். பற்கள், அதாவது சிறு உடைவுகள், விழுந்த இடத்தில் அது வெள்ளைப் புள்ளியாகத் தெரியும்.

இந்தக் கோடு தடித்திருக்கும் இடத்தில் இன்னும் இரும்பை எடுக்க வேண்டும். மெலிந்த இடத்தில் கை வைக்கக் கூடாது. அது மறைந்த இடத்தில் வேலை முடிந்தது. வளைந்த உளியைத் தீட்டும்போது "எத்தனை தடவை தேய்க்க வேண்டும்" என்று எண்ணிக்கொண்டிருப்பதால் பயனில்லை. கோடு சொல்கிற இடத்தில், கோடு சொல்கிற அளவு தேய்ப்பதுதான் தீட்டுதல். கூரையில் தொங்கும் நீளமான ட்யூப் லைட் இதற்கு ஏற்றதல்ல. ஒளி நாலாபக்கமும் சிதறி, கோடு தெளியாது. ஒற்றைப் பல்ப் போட்ட மேசை விளக்கு நல்லது.

சரிவின் மேல் கறுப்பு மார்க்கரால் பூசிக்கொள்வதும் உதவும். இரண்டு தேய்ப்புக்குப் பிறகு மை அழிந்த இடம் எதுவோ அதுதான் கல்லைத் தொட்ட இடம். மை கூரோரத்தில் மட்டும் அழிந்திருந்தால் கைப்பிடியை அதிகம் தூக்கிவிட்டீர்கள். குதிப்பக்கம், அதாவது சரிவின் பின்விளிம்பில் மட்டும் அழிந்திருந்தால் அதிகம் தாழ்த்திவிட்டீர்கள்.

எந்த மரத்துக்கு எந்தக் கோணம்

செதுக்கு உளிகளின் வளைவுக்கு எண் உண்டு. ஷெஃபீல்டு முறைப்படி 3 என்பது கிட்டத்தட்டத் தட்டை; எண் ஏற ஏற வளைவு ஆழமாகி, 9 ஏறக்குறைய அரைவட்டம்; 10, 11 இரண்டும் ஆங்கில யூ எழுத்தைப்போல் பக்கச்சுவர் எழுந்தவை. தீட்டும்போது இந்த எண் ஒரு விஷயத்தைச் சொல்கிறது: கைப்பிடியை எவ்வளவு உருட்ட வேண்டும் என்பதை. 9ஆம் எண்ணுக்கு ஏறக்குறைய அரைச்சுற்று உருட்டினால்தான் ஒரு மூலையிலிருந்து மறு மூலை வரை கல் தொடும். 3ஆம் எண்ணுக்கு மணிக்கட்டின் சிறு அசைவே போதும்.

கோணத்தை மரம் முடிவு செய்கிறது. ஜெலுத்தோங் மென்மையான மரம், கன மீட்டருக்கு 420 முதல் 500 கிலோ. அதற்கு 20 டிகிரி தாராளம். ரப்பர் மரம் 560 முதல் 640 கிலோ. கையால் தள்ளிச் செதுக்கினால் 20, கொட்டாப்புளியால் (மரச்சுத்தியால்) அடித்தால் 25. செங்கால் கடின மரம், 915 முதல் 980 கிலோ வரை போகும். அதில் 20 டிகிரிக் கூர் நிற்காது, பொடிந்து பல் விழும். 30 டிகிரி வையுங்கள், அல்லது பின்னால் சொல்லும் உட்சரிவைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரப்பர் மரத்தைப் பற்றி ஒன்று கவனிக்க வேண்டும். அதன் கட்டையில் இழுவிசை பட்டு வளர்ந்த நார்ப்பகுதிகள் நிறைய இருக்கும். அந்த இடங்களில் மழுங்கிய உளி நாரை அறுக்காமல் பிய்க்கும்; மேற்பரப்பு பஞ்சு பஞ்சாக எழும்பி நிற்கும். மணல்தாள் போட்டாலும் அந்தப் பஞ்சு அடங்காது. மரம் மோசம் என்று பலர் தள்ளிவிடுகிறார்கள். பெரும்பாலும் மோசமாயிருப்பது உளியின் கூர்தான். ஒல்லியான கோணமும் பளபளக்கும் சரிவும் இருந்தால் அதே கட்டை சுத்தமாக வெட்டுப்படும்.

கோணம் அளக்கத் தனிக் கருவி வேண்டாம். உளியின் தடிப்பையும் சரிவின் நீளத்தையும் ஸ்கேலால் அளந்தால் போதும். சரிவு தடிப்பைப்போல் 2 மடங்கு நீளமிருந்தால் 30 டிகிரி, சுமார் 2.4 மடங்கு இருந்தால் 25. கிட்டத்தட்ட 3 மடங்கு இருந்தால் 20. ஆக 3 மி.மீ. தடிப்புள்ள உளிக்கு 20 டிகிரி வேண்டுமானால் சரிவு 9 மி.மீ. அளவில் இருக்க வேண்டும்.

தேவையான பொருள்கள்

ஹார்ட்வேர் கடையில் கிடைக்கும் இருபக்கத் தீட்டுக்கல்லே ஆரம்பத்துக்குப் போதும்; ஒரு பக்கம் 400க்குப் பக்கமாகவும் மறுபக்கம் 1000 ஆகவும் உள்ளதைத் தேடுங்கள் (எண் ஏற ஏறத் துகள் நுண்மையாகும்). அதற்கு மேல் 4000 அல்லது 6000 கல் இருந்தால் நல்லது. இல்லையென்றால் காருக்குச் சாயம் அடிக்கிறவர்கள் பயன்படுத்தும் தண்ணீர் மணல்தாள் 400, 1000, 2000 மூன்றிலும் இரண்டிரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். 1000 தாளின் துகள் சுமார் 18 மைக்ரான், 2000 தாளினுடையது சுமார் 10 மைக்ரான். 2000 முடித்துத் தோல்பட்டையில் இழுத்தாலே செதுக்கு வேலைக்கு வேண்டிய கூர் வந்துவிடும்.

உட்பக்கத்துக்கு இரண்டு வழிகள். ஒன்று, விளிம்பு உருண்டையாக வார்க்கப்பட்ட சிறு கல். ஸ்லிப் கல் என்று கேட்டால் தருவார்கள். சிறு ஊர்க் கடைகளில் அது அரிது. மற்றது, உருளையில் சுற்றிய மணல்தாள். இதற்கு பிவிசி குழாய்த் துண்டுகள் அருமையானவை: அரை அங்குலக் குழாயின் வெளிவிட்டம் சுமார் 21 மி.மீ., முக்கால் அங்குலத்துக்குச் சுமார் 27, ஒரு அங்குலத்துக்குச் சுமார் 33. சின்ன உளிகளுக்கு மூங்கில் குச்சி, பென்சில், சாப்ஸ்டிக் எல்லாம் பயன்படும். விதி ஒன்றுதான்: தாள் சுற்றிய பிறகும் உருளையின் வளைவு உளியின் உள்வளைவைவிடச் சற்றே இறுக்கமாக இருக்க வேண்டும். உருளை பெரிதாகப் போனால் அது உளியின் நடுவைத் தொடாது, இரண்டு மூலைகளை மட்டும் தேய்த்து உருட்டிவிடும்.

தோல்பட்டைக்குப் பழைய பெல்ட் போதும். சொரசொரப்பான பக்கம் மேலே இருக்கும்படி பலகையில் ஒட்டி, பச்சை பாலிஷ் கட்டியைத் தேயுங்கள். அந்தப் பச்சைக்குக் காரணம் குரோமியம் ஆக்சைடு.

கல்லுக்கு எண்ணெயா தண்ணீரா என்பதை வாங்கும் நாளிலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஒருமுறை எண்ணெய் குடித்த கல் பிறகு தண்ணீரை ஏற்காது. எண்ணெய்க் கல் என்றால் தையல் மெஷின் எண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் கலந்து விடுங்கள். தேங்காயெண்ணெயும் பாமாயிலும் வேண்டவே வேண்டாம். இரண்டும் நாளடைவில் பிசினாகிக் கல்லின் துளைகளை அடைத்துவிடும். அதற்குப் பிறகு இரும்பு கல்லின் மேல் வழுக்கும், தேயாது.

செம்பனைக் குலை அறுக்கும் அரிவாளைத் தீட்டும் கல்லை உளிக்குப் பயன்படுத்தாதீர்கள். அதில் கரட்டுத் துகள்களும் மண்ணும் சேர்ந்திருக்கும். 1000 கல்லில் அப்படி ஒரு துகள் ஏறினால் ஒவ்வொரு தேய்ப்பிலும் கூரில் கீறல் விழும், அது எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிக்கவும் முடியாது.

குழியுளி: வெளிச்சரிவு

முதல் வேலை, முனையை நேராக்குவது. பெரும்பாலானோர் இதைத் தாண்டிப் போகிறார்கள். பிறகு வரும் கோளாறுகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. உளியைக் கல்லின் மேல் செங்குத்தாக நிறுத்தி, கூரைக் கல்லில் வைத்து, மெல்ல நாலைந்து முறை இழுங்கள். ஆமாம், கூரை வேண்டுமென்றே மழுக்குகிறீர்கள். பற்கள் எல்லாம் மறையும் வரை இழுங்கள். இப்போது முனையைப் பார்த்தால் மூலையிலிருந்து மூலை வரை தொடர்ச்சியான வெள்ளைக் கோடு. இனி உங்களுக்கு வழிகாட்டி கிடைத்துவிட்டது.

கல்லை உங்களுக்கு எதிரே இடமும் வலமுமாக நீளவாக்கில் வையுங்கள். நழுவாமல் இருக்க அடியில் ஈரத்துணி. உளியின் குழி மேலே, சரிவு கீழே, முனை உங்களுக்கு எதிர்ப்பக்கம் பார்த்தபடி. வலது கை கைப்பிடியை விரல்களால் பிடிக்கட்டும்; முஷ்டியாக இறுக்கிப் பிடித்தால் உருட்ட வராது. இடது கையின் இரண்டு விரல்கள் கூருக்குப் பின்னால் இரும்பின் மேல் அழுத்தம் கொடுக்கட்டும்.

கோணத்தைப் பிடிக்க எளிய வழி: முதலில் சரிவின் குதியைக் கல்லில் வையுங்கள், பிறகு கூரும் கல்லைத் தொடும் வரை கைப்பிடியை மெல்லத் தூக்குங்கள். எண்ணெயோ தண்ணீரோ கூருக்கு முன்னால் பிதுங்கும் கணம்தான் சரியான இடம். கைப்பிடியோடு 250 மி.மீ. நீளமுள்ள உளிக்கு, பின்முனை கல்லின் மேல்தளத்துக்கு மேல் சுமார் 105 மி.மீ. உயரத்தில் இருந்தால் அது 25 டிகிரி, 85 மி.மீ. என்றால் 20. அந்த உயரத்தில் ஒரு கட்டையை வைத்துக்கொண்டால் ஆரம்பத்தில் கண்ணுக்கு உதவும்.

இப்போது கல்லின் இடது ஓரத்தில், உளியின் இடது மூலை கல்லைத் தொடும்படி சாய்த்துத் தொடங்குங்கள். வலப்பக்கமாக நகர்த்திக்கொண்டே கைப்பிடியை உருட்டுங்கள். கல்லின் வலது ஓரத்தை அடையும்போது வலது மூலை கல்லைத் தொட்டிருக்க வேண்டும். அப்படியே திரும்பி வாருங்கள். ஒவ்வொரு இழுப்பும் ஒரு மூலையில் தொடங்கி மறு மூலையில் முடிவது அவசியம். கைப்பிடி தன் அச்சில் மட்டும் சுழல வேண்டும். பக்கவாட்டில் வீசவோ மேலும் கீழும் ஏறவோ கூடாது. வலது முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, இடுப்பிலிருந்து உடலை அசைத்தால் இது தானாக வரும்.

400 கல்லில் பத்துப் பன்னிரண்டு இழுப்புக்கு ஒருமுறை துடைத்து விளக்கில் பாருங்கள். கோடு ஒரு பக்கம் மட்டும் மெலிந்திருந்தால் மறு பக்கத்தில் மட்டும் கொஞ்சம் அதிகம் தேயுங்கள். கோடு முழுவதும் தலைமுடி அளவுக்கு ஒரே சீராக மெலிந்ததும் 400ஐ நிறுத்திவிடுங்கள். அது மறையும் வரை கரட்டுக் கல்லில் தேய்த்தால் பெரிய பிசிறு, அதாவது கூரோரத்தில் மறுபக்கமாக மடிந்து நிற்கும் மெல்லிய இரும்பு, எழுந்து, ஒடியும்போது கூரையும் சேர்த்துப் பெயர்த்துக்கொண்டு போகும். மிச்சமிருக்கும் கோட்டை 1000 கல் எடுக்கட்டும். 1000இல் கோடு மறைந்து, உட்பக்கத்தில் விரலை வெளிநோக்கித் தடவினால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். விரலைக் கூரோடு நீளவாக்கில் ஓட்டாதீர்கள். குறுக்காக, கூரைத் தாண்டி வெளியே போகும்படி மட்டும்.

பிறகு 4000 கல்லிலோ 2000 தாளிலோ அதே உருட்டு. தாளைக் கண்ணாடித் துண்டின் மேல் தண்ணீரால் ஒட்டவையுங்கள். தாள் என்றால் முன்னும் பின்னுமாகத் தேய்க்காதீர்கள். கூர் தாளைக் கிழித்துவிடும். கூரைப் பின்னால் விட்டு இழுக்கும் திசை மட்டும் பாதுகாப்பு.

முடிந்ததும் குதியின் விளிம்பை இரண்டு இழுப்பில் உருட்டிவிடுங்கள். குழியின் அடிப்பகுதியில் உளி திரும்பும்போது கூரான குதி மரத்தை நசுக்கிக் கறுப்பு வடு போடும். பல்லாங்குழியின் அடியில் வளையம் வளையமாகத் தெரியும் பளபளப்பான கீறல்கள் இந்தக் குதி செய்கிற வேலைதான்.

உட்பக்கம் பாதிக் கூர்

வெளிச்சரிவைக் கண்ணாடிபோல் ஆக்கிவிட்டு உட்பக்கத்தைத் தொடாமல் விட்டால், அந்த உளி சரியாக வெட்டாது. கூரின் ஒரு பாதி உட்பரப்பு. கடையில் வாங்கிய புது உளியின் உட்பக்கத்தில் தொழிற்சாலைக் கீறல்கள் நீளவாக்கில் இருக்கும். ஒவ்வொரு கீறலும் கூரில் முடியும் இடத்தில் ஒரு நுண்ணிய பல். ஆகவே புது உளியில் முதல் தடவை உட்பக்கத்தின் முன் 20 மி.மீ. பகுதியையாவது 400, 1000, 2000 என்று படிப்படியாக மழமழப்பாக்க வேண்டும். சலிப்பான வேலைதான்; ஆனால் உளியின் ஆயுளில் ஒரே ஒருமுறை.

செய்யும் விதம்: உளியை மேசை விளிம்பில் குழி மேலே பார்க்க, கூர் வெளியே நீட்டியபடி இறுக்கிப் பிடியுங்கள். தாள் சுற்றிய உருளையைக் குழிக்குள் படுக்க வைத்து, உள்ளிருந்து கூரைத் தாண்டி வெளியே தள்ளுங்கள். திரும்பி வரும்போது உருளையைத் தூக்கிவிடுங்கள். ஒவ்வொரு தள்ளலுக்கும் கொஞ்சம் பக்கவாட்டில் நகர்த்தினால் குழி முழுவதும் தேயும். விரல்கள் கூருக்கு நேரே போகாதபடி உருளை 150 மி.மீ. நீளமாவது இருக்கட்டும்.

அடுத்தடுத்த தடவைகளில் உட்பக்கத்துக்கு வேலை கொஞ்சம்தான்: 2000 தாளில் நாலைந்து தள்ளல், பிசிறு வெளிப்பக்கம் சாய்ந்ததும் வெளியே ஒரு இழுப்பு, மறுபடி உள்ளே. பிசிறு இப்படிப் பக்கம் மாறி மாறிச் சாய்ந்து மெலிந்து உதிரும். அதை ஒரே பக்கமாக வைத்துப் பிய்த்து எடுக்க முயல்வது தவறு.

செங்கால், கெம்பாஸ் போன்ற கடின மரத்தில் அடித்து வேலை செய்கிறவர்களுக்கு உட்சரிவு பெரிய உதவி. உருளையின் பின்முனையை 5 முதல் 10 டிகிரி தூக்கி, கூரோரத்தில் மட்டும் 1 மி.மீ. அகலத்துக்கு ஒரு சிறு சரிவு எடுங்கள். வெளிச்சரிவு 20, உட்சரிவு 10 என்றால் கூரின் முழுக்கோணம் 30, அடி தாங்கும். ஆனால் உளியை மரத்தில் சாய்க்கும் கோணம் வெளிச்சரிவின் 20தான், கை உயராது. இந்தச் சேர்க்கையைத்தான் ஊரில் கொட்டாப்புளி பிடிக்கிற எல்லோருக்கும் சொல்வோம்.

கோளாறு வந்தால் காரணம் எங்கே

மூலைகள் இரண்டும் தேய்ந்து முனை விரல் நகம்போல் உருண்டுவிட்டதென்றால், அதிகமாக உருட்டுகிறீர்கள். இழுப்பின் இரு முனைகளிலும் கை ஒரு நொடி தங்கி மூலையை அழுத்துகிறது. மாறாக மூலைகள் கொம்புபோல் நீண்டு நடு பள்ளமானால், போதுமான அளவு உருட்டவில்லை, நடுப்பகுதியிலேயே தேய்க்கிறீர்கள். கூர் அலை அலையாக இருந்தால் உருட்டும் வேகம் சீராக இல்லை, அல்லது கல்லின் நடுவில் பள்ளம் விழுந்திருக்கிறது. மூன்றுக்கும் மருந்து ஒன்றே: முனையை மறுபடி செங்குத்தாக நிறுத்தி நேராக்கி, வெள்ளைக் கோட்டிலிருந்து தொடங்குவது.

கல்லில் பள்ளம் விழுவதைத் தவிர்க்க முடியாது. குழியுளி ஒரே தடத்தில் ஓடினால் சீக்கிரமே வாய்க்கால் வெட்டிவிடும். கண்ணாடியின் மேல் 120 அல்லது 180 தண்ணீர் மணல்தாளை ஒட்டி, கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் போட்டு, எல்லாக் கோடும் அழியும் வரை தேய்த்தால் கல் மறுபடி சமமாகும்.

சரிவு நீலமாகிவிட்டதென்றால் காரணம் பெஞ்ச் கிரைண்டர். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சாதாரண கிரைண்டரின் மோட்டார் நிமிடத்துக்குச் சுமார் 2,850 சுற்று ஓடும். மெல்லிய கூர் அந்த வேகத்தில் சில நொடிகளில் சூடேறிவிடும். வைக்கோல் மஞ்சள் நிறம் சுமார் 220 முதல் 230 டிகிரி செல்சியஸ். நீலம் என்றால் 300ஐ நெருங்கிவிட்டது. கார்பன் எஃகு உளியின் கடினம் பொதுவாக ராக்வெல் சி அளவில் 58 முதல் 62. நீலம் பாய்ந்த இடத்தில் அது இறங்கிவிடும், பிறகு எப்படித் தீட்டினாலும் கூர் மடங்கும். நீலத்தை மணல்தாளால் துடைத்துவிட்டுத் தப்பித்துவிட்டதாக நினைக்கக் கூடாது. போவது நிறம் மட்டும், இழந்த கடினம் திரும்பாது. நீலம் ஏறிய இரும்பு முழுவதையும் கையால் தேய்த்து எடுத்துவிட வேண்டும். கிரைண்டரைப் பெரிய பல்லை எடுக்க மட்டும் பயன்படுத்துங்கள்: கையுறை போடாமல், விரலைக் கூருக்குப் பக்கத்தில் வைத்து, இரண்டு நொடிக்கு ஒருமுறை தண்ணீரில் முக்கி. விரலுக்குச் சூடு தாங்காத இடத்திலேயே நிறுத்திவிடுவீர்கள், இரும்பும் பிழைத்துக்கொள்ளும். கண்ணாடி அணியாமலும் தொங்கும் கைலியோடும் கிரைண்டர் முன் நிற்கக் கூடாது.

வீ வடிவ உளி

இதை ஒரே கருவியாகப் பார்த்தால் குழப்பம். இரண்டு பட்டை உளிகளும், அவை சேரும் அடிமூலையில் மிகச் சிறிய ஒரு குழியுளியும் சேர்ந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு சிறகின் வெளிப்பக்கத்தைப் பட்டை உளிபோல் கல்லில் படிய வைத்துத் தேயுங்கள். பிறகு மற்றதை, அதே அளவு. வெள்ளைக் கோடு இரண்டிலும் சேர்ந்தே மெலிய வேண்டும். ஒரு சிறகை முடித்துவிட்டு மற்றதுக்குப் போனால் முனை ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

இரண்டும் மெலிந்ததும் அடிமூலையில் ஒரு சிறு கொக்கி முன்னால் துருத்தி நிற்பதைப் பார்ப்பீர்கள். பயப்பட வேண்டாம். மூலையில் இரும்பு தடிப்பாக இருப்பதால் அங்கே தேய்வு பின்தங்குகிறது, அவ்வளவுதான். மூலையின் வெளிப்பக்கத்தைக் குழியுளிபோல் மிக லேசாக உருட்டித் தேய்த்தால் கொக்கி அடங்கும். இரண்டு இழுப்பு, பார்வை. இரண்டு இழுப்பு, பார்வை. அதிகமாகத் தேய்த்தால் கொக்கி இருந்த இடத்தில் பள்ளம் விழும். பள்ளம் விழுந்தால் முனையை மறுபடி நேராக்குவதைத் தவிர வழியில்லை. உட்பக்கத்துக்கு, உளியின் உள்மூலை அளவுக்கே கூராகச் சீவிய மரச்சில்லில் 2000 தாளை மடித்துப் பயன்படுத்துங்கள். தாள் மழுங்கினால் உடனே மாற்றுங்கள்.

கொக்கிக் கத்தியும் வாச்சியும்

அகப்பை குடையும் கொக்கிக் கத்தியில் முறை தலைகீழ்: கத்தி அசையக் கூடாது, கல் அசைய வேண்டும். கைப்பிடியை வைஸில் பூட்டுங்கள். உட்பக்கத்தை மெல்லிய உருளையாலும், வெளிப்பக்கத்தைத் தட்டையான சில்லில் ஒட்டிய தாளாலும், முதுகிலிருந்து கூரை நோக்கி வெளியே தள்ளித் தேயுங்கள். சரிவு எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்தில்தான் இரும்பை எடுக்க வேண்டும்; மறுபக்கத்தில் பிசிறு நீக்குவது மட்டும்.

கோடாரிபோல் வீசி மரம் செதுக்கும் வாச்சிக்கு 30 முதல் 35 டிகிரி. வீச்சில் விழும் கருவி, மெல்லிய கூர் தாங்காது. முதலில் அரத்தைப் போட்டுப் பாருங்கள்: அரம் இரும்பைப் பிடித்துத் தூள் எடுத்தால் அதிலேயே உருவம் கொடுத்துவிட்டு 400 கல்லை வட்டமாகத் தேய்த்து முடிக்கலாம், அரம் வழுக்கினால் இரும்பு கடினமானது, கல்லோடு நின்றுகொள்ளுங்கள்.

தோல்பட்டையும் துருவும்

தோல்பட்டையில் எப்போதும் இழுக்க மட்டும். தள்ளினால் தோல் அறுபடும். சரிவு தோலில் படிய, உருட்டிக்கொண்டே பத்து முதல் இருபது இழுப்பு. இழுப்பின் முடிவில் கைப்பிடியைத் தூக்கிவிடாதீர்கள். அந்தச் சிறு தூக்கல்தான் கூரை உருட்டும். உட்பக்கத்துக்குத் தோலை உருளைமேல் மடித்துப் பிடியுங்கள்.

இதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. ஜெலுத்தோங் துண்டில் அந்த உளியாலேயே, நார்வாட்டத்தில், 150 மி.மீ. நீளத்துக்கு ஒரு வாய்க்கால் வெட்டுங்கள். அதில் பச்சை பாலிஷைத் தேயுங்கள். அந்த வாய்க்கால் உங்கள் உளியின் வெளிவளைவுக்கே அளவெடுத்தது; சரிவு முழுவதும் படியும், உருட்டத் தேவையில்லை. துண்டின் விளிம்பை உட்குழியின் அளவுக்கு உருண்டையாகச் சீவினால் உட்பக்கத்துக்கும் ஆயிற்று. ஒவ்வொரு உளிக்கும் தனித்தனி வாய்க்கால் வெட்டி, பக்கத்தில் எண்ணை எழுதி வையுங்கள்.

கூரைச் சோதிக்கக் கட்டைவிரல் வேண்டாம். ஜெலுத்தோங்கில் நாருக்குக் குறுக்காக ஒரு சீவல் எடுங்கள். வெட்டுப்பட்ட தடம் பளபளவென்று இருந்தால் சரி. மங்கலாக, நார் நசுங்கியிருந்தால் மறுபடி தோல்பட்டை. பளபளப்பின் நடுவே ஒற்றை வெள்ளைக் கீறல் ஓடினால் கூரில் அதே இடத்தில் ஒரு பல் இருக்கிறது. 1000 கல்லுக்குத் திரும்புங்கள். செதுக்கும்போது 20, 30 நிமிடத்துக்கு ஒருமுறை தோல்பட்டையில் இழுத்துக்கொண்டால் கல்லுக்குப் போகும் தேவை வெகுவாகக் குறையும்.

நம் ஊர்ப் புழுக்கத்தில் இரும்பு துடைக்காமல் ஒரே இரவு இருந்தாலும் துரு பூக்கும். பச்சை ரப்பர்க் கட்டையில் வேலை செய்த உளியில் ஈரத்தோடு பால்பிசுக்கும் சேர்ந்திருக்கும். மண்ணெண்ணெய் தொட்ட துணியால் குழிக்குள் துடைத்து, காய்ந்ததும் தையல் மெஷின் எண்ணெயை மெல்லப் பூசுங்கள். தோல் உறையில் போட்டு வைக்காதீர்கள். தோல் ஈரத்தை உறிஞ்சிக் கூரோடு ஒட்டி வைத்திருக்கும். கூரின் மேல் பிளாஸ்டிக் குழாய்த் துண்டைச் செருகி, உளிகள் ஒன்றோடொன்று உரசாதபடி துணிச்சுருளில் தனித்தனிப் பையில் வைத்து, மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றிரண்டு போட்டு வையுங்கள்.